ஹெட்மாஸ்டர் அறைக்குப் போகப் பயமா?

காலை 9 மணி. பள்ளிக்கூட மணி அடிக்கிறது. பிள்ளைகள் புத்தகப் பையுடன் உள்ளே ஓடுகிறார்கள்.

வாசலில் ஒரு தாய் மட்டும் நிற்கிறாள். கொடிக்கால் வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறாள். விரல் நுனியில் வெற்றிலைக் காம்பின் கறை இன்னும் போகவில்லை. அவளுடைய மகன் 9-ம் வகுப்பில் படிக்கிறான். "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று ஹெட்மாஸ்டர் அவனிடம் சொல்லி அனுப்பி இருக்கிறார்.

"என்னடா தப்புச் செய்தாய்?" என்று வழி எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். பையன் வாய் திறக்கவில்லை.

வாசல் வரை வந்துவிட்டாள். உள்ளே போகக் கால் வரவில்லை. "நான் படிக்காதவள். அவர் ஏதாவது கேட்டால் என்ன சொல்வேன்?" என்ற பயம். வேப்ப மரத்து நிழலில் ஒதுங்கி நிற்கிறாள்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படித் தயங்கி நிற்கும் தாயை, தகப்பனை எந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசலிலும் பார்க்கலாம். அந்தத் தயக்கத்தால் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு பாழாகி இருக்கிறது.

இந்தப் பயம் தேவையா? பள்ளிக்கூடத்தில் யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது?

வெற்றிலை ஊர்

மதுரையில் இருந்து திண்டுக்கல் போகும் ரெயில் பாதையில் உள்ள ஊர் சோழவந்தான். வைகை ஆற்றங்கரையில் இருக்கிறது. நெல், தென்னை, வெற்றிலை மூன்றும் இந்த ஊரின் செல்வம். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கொடிக்கால் வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். அகத்தி மரத்தில் படர்ந்த கொடியில் இருந்து வெற்றிலையைக் கிள்ளி, எண்ணி, கவுளி கவுளியாக அடுக்க வேண்டும். வேலைக்குப் போனால்தான் கூலி. அரை நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும்.

பள்ளிக்கூடமோ 9 மணிக்கு மேல்தான் திறக்கும். மாலையில் மூடிவிடும். பெற்றோருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் ஆசிரியர் இருக்கமாட்டார். ஆசிரியர் இருக்கும் நேரத்தில் பெற்றோர் வயலில் இருப்பார்கள். இரண்டு பேரும் பார்த்துப் பேசாததற்கு முதல் காரணம் இதுதான். "அக்கறை இல்லாத பெற்றோர்" என்று சொல்லுமுன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

படிப்புக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. பெரும் புலவர் அரசஞ்சண்முகனார் சோழவந்தானில் பிறந்தவர். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்தவர். 1904-ல் அவர் விடுப்பில் போனபோது, அந்த இடத்தில் தற்காலிக ஆசிரியராக வேலை பார்த்தவர் யார் தெரியுமா? மகாகவி பாரதியார்! வாத்தியாருக்கு மதிப்புக் கொடுத்த மண் இது. ஆனால் மதிப்பு வேறு, பயம் வேறு.

"கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்!"

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அந்தக் காலத்துத் தகப்பனார் வாத்தியாரிடம் என்ன சொல்வார்?

"கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் சார். மற்றபடி தோலை உரித்துவிடுங்கள். நான் ஏன் என்று கேட்கமாட்டேன்."

அதோடு அவர் கடமை முடிந்தது. அடுத்து அவர் பள்ளிக்கூடத்துக்கு வருவது பையன் 'பெயில்' ஆகும்போதுதான்.

இன்று அடிப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அடிக்கக்கூடாது, மனம் நோகும்படி துன்புறுத்தவும் கூடாது என்று சொல்கிறது. எனவே "உரித்துவிடுங்கள்" என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கும் உரிமை இல்லை. "என் பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்க எல்லாத் தகப்பனுக்கும் உரிமை உண்டு.

வாடகை மாமா

பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும்? பையன் வேறு வழி கண்டுபிடிப்பான்!

மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தை அவனே போடுவான். "அப்பாவைக் கூட்டி வா" என்றால், டீக்கடையில் நிற்கும் தெரிந்த அண்ணனைப் பிடிப்பான். "இவர் என் மாமா சார். அப்பா வெளியூர் போயிருக்கிறார்" என்பான். அந்த 'வாடகை மாமா'வும் வந்து, "இனி ஒழுங்காகப் படிப்பான் சார்" என்று உறுதி கொடுத்துவிட்டுப் போவார்.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் இதனால் வீட்டுக்கு உண்மை தெரியாமல் போகிறது. பையன் கணக்கில் பின்தங்கியது தெரியாது. 10 நாள் பள்ளிக்கூடமே வராதது தெரியாது. தெரிய வரும்போது பரீட்சை முடிந்து போயிருக்கும்.

பள்ளிக்கூடத்துக்கும் வீட்டு நிலைமை தெரியாது. அப்பாவுக்கு உடம்பு சரி இல்லை, வீட்டில் விளக்கு இல்லை, அக்காள்தான் தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்கிறாள் என்பது எல்லாம் யாராவது சொன்னால்தானே ஆசிரியருக்குத் தெரியும்?

ஊரே வந்து நின்றது

பொதுமக்களும் பள்ளிக்கூடமும் கைகோத்து நின்ற காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது.

காமராஜர் முதல்–அமைச்சராக இருந்த நேரம். கல்வித் துறையின் இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. பள்ளிக்கூடங்களுக்குக் கட்டிடம் இல்லை. பெஞ்சு இல்லை. கரும்பலகை இல்லை. எல்லாவற்றையும் வாங்க அரசாங்கத்திடம் பணமும் இல்லை.

1958-ல் 'பள்ளிச் சீரமைப்பு மாநாடு' என்ற இயக்கம் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் என்னென்ன தேவை என்று முதலில் பட்டியல் எழுதினார்கள். அதை ஊர் மக்கள் முன்னால் வைத்தார்கள். "நான் நிலம் தருகிறேன்", "நான் நாற்காலி தருகிறேன்", "நான் கடிகாரம் வாங்கித் தருகிறேன்" என்று மக்கள் முன்வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளும் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் தன் தேவையைக் கூச்சம் இல்லாமல் எழுதிக் காட்டியது. ஊர் பதில் சொன்னது. இந்த இயக்கத்தின் வெற்றிக்கு இதுதான் காரணம். அதை அடுத்து 1960-களில், பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் தமிழ்நாட்டில் பரவின.

வெளிநாடுகளில்...

அமெரிக்காவில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கியவர்கள் யார்? தாய்மார்கள்தான். 1897-ல் வாஷிங்டன் நகரில் கூடிய 'தேசியத் தாய்மார்கள் மாநாடு'தான் பின்னால் நாடு முழுவதற்குமான பெற்றோர் ஆசிரியர் சங்கமாக வளர்ந்தது.

ஜப்பானில் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு 'தொடர்பு நோட்டு' இருக்கும். "பிள்ளைக்குக் காய்ச்சல்", "இன்று விளையாட்டு வகுப்பு வேண்டாம்" என்று பெற்றோர் எழுதுவார்கள். ஆசிரியர் பார்த்துவிட்டுப் பதில் எழுதுவார். ஆசிரியர் மாணவனின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வழக்கமும் அங்கு உண்டு.

இந்த நோட்டுக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு 40 பக்க நோட்டு போதும். நம் ஊர்த் தாயும் இதைச் செய்யலாம்.

சட்டம் கொடுத்த நாற்காலி

பெற்றோர் வாசலில் நிற்கவேண்டியது இல்லை. உள்ளே அவர்களுக்கு ஒரு நாற்காலி உண்டு. அதைப் போட்டது சட்டம்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசுப் பள்ளிகளில் 'பள்ளி மேலாண்மைக் குழு' இருக்க வேண்டும். அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022-ல் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளிகளும் இதில் அடக்கம். ஒரு குழுவுக்கு 20 உறுப்பினர்கள். அதில் 15 பேர் பெற்றோர். தலைவர் யார் தெரியுமா? அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய்! 2024-ல் குழுக்களைத் திரும்ப அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது.

பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் குழாய் வேண்டுமா, கழிவறை வேண்டுமா, சுற்றுச்சுவர் வேண்டுமா என்று பட்டியல் போட்டு, 'பள்ளி வளர்ச்சித் திட்டம்' தயாரிப்பது இந்தக் குழுவின் வேலை. 1958-ல் ஊர் மக்கள் முன் வைத்த அதே பட்டியல்தான், இன்று சட்டத்திலேயே இடம் பெற்றுவிட்டது.

குழுவில் உறுப்பினர் இல்லாத பெற்றோரும் தங்கள் குறையை உறுப்பினரிடம் சொல்லலாம். அவர்கள் கூட்டத்தில் பேசுவார்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் உறுப்பினர்கள் யார் யார் என்று முதலில் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

8-ம் வகுப்புக்குப் பிறகு

இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு.

கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான். அதாவது 8-ம் வகுப்பு வரை. 9-ம் வகுப்புக்கு வந்ததும் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. பையனுக்குக் கை கால் வளர்ந்துவிடும். "நாலு காசு சம்பாதிக்கட்டுமே" என்ற எண்ணம் வீட்டில் வரும். பெண் பிள்ளை என்றால் "மாப்பிள்ளை பார்க்கலாமா?" என்று உறவினர் பேச்சு எடுப்பார்கள்.

பெற்றோரும் பள்ளிக்கூடமும் அதிகமாகப் பேசவேண்டியது இந்த நேரத்தில்தான். ஆனால் பேச்சு குறைந்து போவதும் இந்த நேரத்தில்தான். "பெரிய பையன் ஆகிவிட்டான். அவனே பார்த்துக் கொள்வான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். தோழிக்குத் திருமணப் பேச்சு நடக்கிறது என்று மாணவி சொன்னால், ஆசிரியர் அதைச் சும்மா விடக்கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம்.

முதலில் யாரைப் பார்ப்பது?

எடுத்ததும் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போக வேண்டாம். படிப்படியாகப் போவது நல்லது.

1. வகுப்பாசிரியர்: படிப்பு, வருகை, சக மாணவருடன் சண்டை எல்லாவற்றுக்கும் முதலில் இவரைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளையை தினமும் பார்க்கிறவர் இவர். பாதிக் குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

2. தலைமை ஆசிரியர்: வகுப்பாசிரியரிடம் தீராத குறை, ஆசிரியர் மீதே உள்ள குறை, சான்றிதழ், உதவித்தொகை ஆகியவற்றுக்கு இவரைப் பார்க்க வேண்டும்.

3. பள்ளி மேலாண்மைக் குழு: ஒரு பிள்ளையின் குறை அல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள குறை என்றால் இங்கே கொண்டு போகலாம்.

4. மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர்: பள்ளிக்கூடத்தில் நியாயம் கிடைக்கவில்லை என்றால் இவர்களுக்கு எழுதலாம். கல்வித் துறை 2018-ல் தொடங்கிய 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

ஆனால் ஒன்று. பிள்ளையை யாராவது அடித்துக் காயப்படுத்தினாலோ, தகாத முறையில் நடந்து கொண்டாலோ படிப்படியாகக் காத்திருக்கக் கூடாது. உடனே தலைமை ஆசிரியரிடமும், 1098 எண்ணிலும், போலீசிலும் சொல்ல வேண்டும். இதில் "மானம் போய்விடுமே" என்று மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

எப்படிப் பேசுவது?

போகும்முன் பிள்ளையிடம் நடந்ததைக் கேளுங்கள். பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆசிரியர் சொல்வதையும் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிவு கட்டாதீர்கள்.

கோபம் இருந்தால் அன்று போகாதீர்கள். மறுநாள் போங்கள். "எங்கள் பையனை எப்படித் திட்டலாம்?" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். "என்ன நடந்தது சார்? நாங்கள் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?" என்று தொடங்கினால் வழி பிறக்கும்.

மற்ற பிள்ளைகள் முன்னால் உங்கள் பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்த அவமானத்தில் பள்ளிக்கூடத்தையே விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு.

பேசி முடித்ததும் தேதியையும், பேசிய செய்தியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையைக் கொண்டே எழுதலாம்.

இப்போது பல பள்ளிக்கூடங்களில் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விடுமுறை, பரீட்சைத் தேதி தெரிந்து கொள்ள அது நல்லதுதான். ஆனால் ஆசிரியர் மீது உள்ள கோபத்தை அதில் கொட்டக் கூடாது. ஒரு பிள்ளையின் குறை ஊருக்கே தெரிந்துவிடும். அதை நேரில் பேசுவதே நல்லது.

நாலு வரிக் கடிதம்

நேரில் வர முடியாதவர்கள் என்ன செய்வது? ஒரு கடிதம் கொடுத்து அனுப்பலாம். பெரிய வார்த்தை வேண்டியது இல்லை. இதோ ஒரு மாதிரி:

"வகுப்பாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் 9-ம் வகுப்பு 'அ' பிரிவில் படிக்கிறாள். இரண்டு மாதமாகக் கரும்பலகையில் உள்ள எழுத்து சரியாகத் தெரியவில்லை என்கிறாள். கண் டாக்டரிடம் காட்டப் போகிறோம். அதுவரை அவளை முன் வரிசையில் உட்கார வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் கூலி வேலைக்குப் போகிறேன். மாலை 4 மணிக்கு மேல் தங்களை எந்த நாளில் பார்க்க வரலாம் என்று தெரிவிக்கவும்."

கீழே தேதி, பெயர், போன் நம்பர். அவ்வளவுதான். பிள்ளை யார், குறை என்ன, ஆசிரியர் செய்யவேண்டியது என்ன, எப்போது பேசலாம் என்ற நாலு செய்திகளும் இதில் வந்துவிட்டன. முக்கியமான கடிதம் என்றால் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

டி.சி. தர மறுத்தால்?

வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் கேட்டால், "கட்டணப் பாக்கியைக் கட்டினால்தான் டி.சி." என்று சொல்லும் தனியார் பள்ளிகள் உண்டு. பெற்றோர் கடன் வாங்க ஓடுவார்கள்.

2024-ல் சென்னை ஐகோர்ட்டு இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது. மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று தீர்ப்பு அளித்தது. பாக்கி இருந்தால் அதைச் சட்டப்படி வேறு வழியில் வசூலிக்கலாம். அதற்காகப் பிள்ளையின் படிப்பைத் தடுக்கக் கூடாது.

இது தெரிந்த பெற்றோர் சண்டை போடவேண்டியது இல்லை. டி.சி. கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தாலே போதும். மறுத்தால் அந்த விண்ணப்பத்தின் நகலுடன் கல்வி அலுவலரைப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வார்த்தை

எல்லாவற்றையும் பெற்றோரே செய்ய வேண்டுமா? இல்லை. பள்ளிக்கூடமும் ஓர் அடி முன்னால் வர வேண்டும்.

குறை சொல்ல மட்டும் பெற்றோரைக் கூப்பிடக் கூடாது. பிள்ளை நன்றாகப் படித்தாலும், விளையாட்டில் ஜெயித்தாலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். அப்போது "ஹெட்மாஸ்டர் கூப்பிடுகிறார்" என்றதும் வயிற்றில் புளி கரைக்காது.

வந்தவர்களை நிற்க வைத்துப் பேசக் கூடாது. ஒரு நாற்காலி போட வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் உள்ள ஊரில் மாலை நேரத்தில் கூட்டம் வைத்தால் பலர் வருவார்கள்.

"உட்காருங்கள் அம்மா!"

வேப்ப மரத்து நிழலில் நின்ற தாய் என்ன ஆனாள்?

துணிந்து உள்ளே போனாள். ஹெட்மாஸ்டர் எழுந்து, "உட்காருங்கள் அம்மா" என்றார். அதைக் கேட்டதுமே அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

"உங்கள் பையன் இந்த மாதம் 11 நாள் வரவில்லை. உங்களுக்குத் தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

தாய் திடுக்கிட்டாள். "தினமும் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறானே சார்!"

அவன் அப்பா தென்னை மரத்தில் இருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறார். அதனால் பையன் விடியற்காலையில் வெற்றிலைக் கூடை சுமக்கப் போகிறான். சில நாள் நேரம் ஆகிவிடும். தாமதமாக வந்தால் திட்டு விழுமே என்று பயந்து, வாசல் வரை வந்து திரும்பிப் போய்விடுவான். வைகைக் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போவான்.

பள்ளிக்கூடம் அவனை ஊர் சுற்றுகிறவன் என்று நினைத்தது. வீடு அவன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்று நினைத்தது. இரண்டும் உண்மை அல்ல!

"அவன் அரை மணி நேரம் தாமதமாக வந்தாலும் உள்ளே விடச் சொல்கிறேன். திருப்பி அனுப்பமாட்டோம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பள்ளிக்கூட நாளில் இனி அவன் கூடை சுமக்கமாட்டான் சார். அது என் பொறுப்பு" என்றாள் தாய்.

பேச்சு 10 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்தப் 10 நிமிடத்துக்கு அவள் கொடுத்த விலை அரை நாள் கூலி. வராமல் இருந்திருந்தால் மகனின் படிப்பே போயிருக்கும்.

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் கடைசியாகப் போனது எப்போது? அவர்கள் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு நாள் போய் வகுப்பாசிரியரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.